பொட்டு வைத்த பீக்கர்

தட்டிப் பார்க்காமல் ஒரு தம்ளரைக்கூட நம்பாத என் ஜெயாக்காவுக்கு,

உன் பீக்கர் விரிசல் விட்டுவிட்டது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், சுற்றி வளைத்தால் ஏதாவது ஜோக் அடித்து நழுவிவிடுவேன் என்று உனக்குத் தெரியும். அடியில், நட்சத்திரம் மாதிரி, சின்னதாக. போன வாரம் அம்மாவுக்குக் காபி ஊற்றப் போனபோது ஜன்னல் வெளிச்சத்தில் தெரிந்தது.

திருவெறும்பூர் பக்கம் தொழிற்சாலை ஆய்வகத்தில் நாளெல்லாம் தண்ணீரைச் சோதித்துவிட்டு, ஸ்ரீரங்கம் திரும்பியதும் வீட்டிலும் பீக்கரைக் கையில் எடுப்பவள் என்று உன்னைப் பற்றித் தெருவே பேசியது. எதிராத்து மாமி நாம் அமிலம் குடிப்பதாகவே கொஞ்ச நாள் நம்பினாள். நானும் மறுக்கவில்லை. நம் குடும்பத்துக்கு ஒரு மரியாதை வரட்டுமே என்றுதான்.

ஆனால் நீ அதை வாங்கியது அம்மாவுக்காக. எச்சில் படாமல் தூக்கிக் குடித்தே பழகியவளுக்குக் கண் மங்கியதும், காபி பாதி வாயில், பாதி புடவையில். ஊட்டிவிட்டாலோ கோபம். நீ ஒரு நாள் கடையிலிருந்து புத்தம்புது பீக்கரைக் கொண்டுவந்து, ஆற்றிய காபியை அதில் ஊற்றி அவள் கையில் கொடுத்தாய். "இதுக்கு மூக்கு இருக்கும்மா. விரலால தடவி எந்தப் பக்கம்னு பாத்துக்கோ. ஒரே கோடா விழும்."

விழுந்தது. ஒரு சொட்டு சிந்தவில்லை. அம்மா உன்னைப் புகழ்ந்த கையோடு என் பக்கம் திரும்பி, "நீ எழுதற சிரிப்புக் கதையெல்லாம் யாருக்குடா பிரயோஜனம்?" என்று கேட்டாள்.

ஆய்வகத்து பீக்கர் எந்த ஜன்மத்திலும் வீட்டுக்கு வரக்கூடாது, வீட்டுடையது ஆய்வகத்துக்குப் போகக்கூடாது என்பது உன் சட்டம். எவ்வளவு கழுவினாலும் சரி. அடையாளத்துக்கு வீட்டுடையதில் சிவப்பு நகப்பூச்சால் ஒரு பொட்டு வைத்தாய். சோறு பட்ட பத்துப் பாத்திரத்தைத் தனியாக வைத்தே வளர்ந்த அம்மாவுக்கு இதை விளக்கவே வேண்டியிருக்கவில்லை. "உங்க ஆபீஸ்லயும் மடி பாக்கறாளா, பேஷ்" என்றாள்.

அதன் கோடுகளைப் பார்த்து ஒரு நாள் நான் உப்புமாவுக்குத் தண்ணீர் அளந்தேன். நீ சிரித்த சிரிப்பு! "அது அளக்கறதுக்கு இல்லடா. பீக்கர் கோடு சுமாராத்தான் சொல்லும், உன்ன மாதிரி." அன்றிலிருந்து வீட்டில் என் பெயர் சுமார். இப்போது அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஆள் இல்லை.

சரி, புதுசு வாங்க மலைக்கோட்டைக்குக் கீழே நீ போகும் அந்தச் சந்துக் கடைக்கே போனேன். எந்தக் காலேஜ் என்று கேட்டார் கடைக்காரர். காபிக்கு என்றேன். உடனே பிடி வைத்து, கோடு போட்டு, பார்க்க ஜோராக ஒன்றை எடுத்து நீட்டினார். கொதிக்கக் கொதிக்க ஊற்றலாமா என்றால், "ஊத்தலாம்ங்க..." என்று இழுத்தார். அந்த இழுப்பிலேயே அது விரிசல் விட்டது. வேண்டாம், பீக்கரே கொடுங்கள் என்றேன். சூடு தாங்கும் கண்ணாடிக்கான 'போரோசிலிகேட்' எழுத்து இருக்கிறதா, அடி ஒரே கனமா, விளிம்பு உருண்டிருக்கிறதா என்று, ஏதோ எல்லாம் தெரிந்தவன் போல வரிசையாகப் பார்த்தேன். தண்ணீர் வாங்கி மூக்கு வழியாக ஊற்றிப் பார்த்தேன். கடைசியில், உன்னைப் போலவே, காதருகே பிடித்து நகத்தால் தட்டினேன்.

கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். "தட்டறதப் பாத்தா ஸ்ரீரங்கத்து மேடம் வீடு மாதிரி இருக்கே. தம்பிங்களா? மேடம் வரலீங்களா?"

பீக்கரைக் காதிலிருந்து கீழே இறக்கினேன். "இல்லீங்க, நான்தான் வந்தேன்" என்றேன். அது பொய்யில்லையே?

"மேடத்துக்கிட்ட சொல்லுங்க, இந்தச் சரக்குல மூக்கு நல்லா வந்திருக்குன்னு."

சொல்லிவிட்டேன், அக்கா.

எத்தனை கண்ணாடியைத் தட்டிப் பார்த்திருப்பாய். மாடிப்படி பாதியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றாயே, உன்னை யார் தட்டிப் பார்த்தார்கள்? வாயு என்றாய். நீ சொன்னால் சரியாக இருக்கும் என்று இருந்துவிட்டோம். வெளிச்சத்தில் பிடித்திருந்தால் தெரிந்திருக்குமா?

உன் நகப்பூச்சு புட்டிக்குள்ளேயே காய்ந்துவிட்டது. ஃபேன்சி ஸ்டோரில் நரைத்த மீசையோடு போய் நின்று சிவப்பு கேட்டேன். யாருக்கு என்று அந்தப் பெண் கேட்டாள். பீக்கருக்கு என்றேன். அவள் அவசரமாகப் பில்லைப் போட்டுவிட்டாள். வீட்டுக்கு வந்து பொட்டு வைத்து, காயவிட்டு, மறுநாள் அம்மா கையில் கொடுத்தேன்.

அம்மா மூக்கைத் தேடும் விரலாலேயே பொட்டைத் தொட்டாள். அங்கேயே விரலை வைத்திருந்தாள்.

"பெரிசா இருக்கே. அவ கடுகாட்டமா வெப்பா."

"சுமாரா வெச்சிருக்கேன்மா."

"அவளோடது?"

"விரிசல் விட்டுடுத்து."

காபியைத் தூக்கிக் குடித்தாள். சிந்தவில்லை. பீக்கரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: "அப்ப ஆத்துல வெச்சுக்காதே. அவளுக்குப் பிடிக்காது."

பிடிக்காதுதான். விரிசல் விட்டதை வைத்திருந்தால் ஒரு நாள் மறந்துபோய் ஊற்றிவிடுவோம், அம்மா கையிலேயே உடையும் என்பாய். ஆகவே செய்தித்தாளில் சுற்றிவிட்டேன். குப்பை எடுக்க வருபவர் கையைக் கிழிக்கக்கூடாது என்று நீ எழுதுவாயே, அதே போல மேலே எழுதிவிட்டேன்: உள்ளே கண்ணாடி, கை பத்திரம். தினமும் குப்பை வண்டி வருகிறது, விசில் ஊதுகிறது, போகிறது. நான் பொட்டலத்தோடு கதவுக்குப் பின்னாலேயே நிற்கிறேன்.

நாளைக் காலை வாசலுக்கு வந்து, என் கையாலேயே கொடுத்துவிடுவேன். இது சுமாராகச் சொல்வதில்லை. நீ வைத்த அந்தப் பொட்டை மட்டும் ஒரு தரம் தடவிக்கொள்கிறேன், அதற்கு அனுமதி கொடு.

புதுசை ஒவ்வொரு காலையும் தட்டிப் பார்த்துத்தான் அம்மாவுக்குக் காபி ஊற்றுவேன்.

உன் ஒரே தம்பி,
சுமார்