பக்கத்து மனைக்கு ஓர் ஆட்சேபம்

என் அன்பானவளுக்கு,

நானும் உன் செடிகளும் உயிரோடு இருக்கிறோம். என்னைவிடச் செடிகள் தேவலை. மகளும் மாப்பிள்ளையும் பேரனும் அங்கே சுகமாக இருப்பதாக நம்புகிறேன். நம்புகிறேன் என்று எழுதக் காரணம், போனில் யாரும் எனக்கு ஒழுங்காகப் பதில் சொல்வதில்லை. எப்போது அடித்தாலும் மகள்தான் எடுக்கிறாள். "அம்மா தூங்குறாங்கப்பா" என்கிறாள். பட்டப்பகலில் என்ன தூக்கம்? ஓடுகிற ரயிலில் டிக்கெட் கேட்டே தலை நரைத்தவன் நான். பரிசோதகர் பெட்டிக்குள் ஏறியதும் டிக்கெட் வாங்காதவன் முதலில் செய்கிற காரியம் கண்ணை மூடிக்கொள்வதுதான். ஆகவே கடிதம் எழுதுகிறேன். விழித்ததும் படி.

இனி தெரு விவகாரம். நம் வீட்டை ஒட்டிய காலி மனையை வாங்கிய டாக்டரம்மா கடைசியில் தன் வேலையைக் காட்டிவிட்டார். குடியிருப்புக்கென்று ஒதுக்கிய மனையை மருத்துவ நிலையமாக மாற்ற அனுமதி கேட்டு நகராட்சியில் மனுக் கொடுத்து, மனையில் அறிவிப்புப் பலகையும் நட்டாயிற்று. சிறுநீரகம் பழுதானவர்களைப் படுக்கவைத்து, குழாய் மாட்டி, மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்து அனுப்புகிற இடமாம். பேசும்போது தேன் ஒழுகுகிறது. "உங்களுக்கு எந்தத் தொந்தரவும் வராதுங்க ஐயா" என்று என்னிடமே வந்து சொன்னார். தொந்தரவு வராது என்று ஒருவர் தானாக வந்து சொன்னால், வரப்போகிறது என்றுதான் அர்த்தம். காலையில் கதவைத் திறந்தால் வெளிறிய முகத்தோடு நாலு பேர் நம் வாசற்படியில் உட்கார்ந்திருப்பார்கள். ஆம்புலன்ஸ் வழியை அடைத்துக்கொண்டு நிற்கும். இந்தக் கண்றாவியைத் தினமும் பார்த்துக்கொண்டு குடியிருக்க முடியுமா?

சும்மா விடுவேனா? வீடு வீடாக ஏறி இறங்கி எல்லோரையும் ஆட்சேபம் சொல்ல வைத்திருக்கிறேன். மனைக்கும் நமக்கும் நடுவில் உள்ள சுவரை என் தலைக்கு மேல் உயர்த்தி, உச்சியில் கண்ணாடிச் சில்லும் பதித்துவிட்டேன். "இது வீடா ஜெயிலா சார்?" என்று கேட்டார் கொத்தனார். கூலியை வாங்கிக்கொண்டு போகாமல் அவருக்கு எதற்கு இந்தக் கேள்வி? டாக்டரம்மாவின் ஆளாக இருப்பாரோ என்று ஒரு யோசனை ஓடியது.

ஏனென்றால் நமக்குள்ளேயே யாரோ குழி பறிக்கிறார்கள். நகராட்சி குமாஸ்தா வாய் தவறிச் சொன்னார், நம் தெருவில் ஒருவர் ஏற்கெனவே சம்மதம் சொல்லிவிட்டாராம். யார் என்று கேட்டால், ஆட்சேபம் விசாரிக்கிற கூட்டத்தில் தெரியும் என்று பல்லைக் காட்டுகிறார். எனக்கு மருந்துக்கடைக்காரர் மேல்தான் சந்தேகம். மருத்துவ நிலையம் வந்தால் யார் கல்லா நிறையும்? நேற்று அவர் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். அந்த மனிதர் தன் சட்டைப் பைக்குள் கை விட்டு நான் பார்த்ததே இல்லை. அடுத்தபடி எதிர்வீட்டுத் தையல்காரம்மா. அக்கா அக்கா என்று உன் பின்னாலேயே திரிந்தவள், இப்போது என்னைக் கண்டால் தலையைக் குனிந்துகொண்டு தையல் மெஷினை வேகமாக மிதிக்கிறாள். மெஷினில் துணியே இல்லை. என் கண்ணால் பார்த்தேன். நீ அவளுக்குப் போன் செய்து, பேச்சுவாக்கில் போட்டு வாங்கிப் பார்.

இன்னொன்று. எனக்கு ரத்தக் கொதிப்பு என்று சொல்லி, ஊருக்குக் கிளம்புவதற்குக் கொஞ்ச நாள் முன்பிருந்தே சாப்பாட்டில் உப்பைக் காணாமல் செய்துவிட்டாய். போய் அளந்து பார்த்துவிட்டேன். எனக்கு ஒரு கொதிப்பும் இல்லை. இதற்கு நீ நேரில் வந்து விளக்கம் சொல்ல வேண்டும். கால் வீக்கம் வடிந்ததா? புதுச் செருப்பு கடித்தது என்றாய். இரண்டு காலிலும் கணுக்கால் வரைக்குமா கடிக்கும்?

சீக்கிரம் வந்து சேர். தனியாகச் சந்தேகப்பட்டு அலுத்துப்போயிற்று.

உன் வரவை எதிர்பார்த்திருக்கும்,
உன்னவன்

*

என்னவளுக்கு,

போன கடிதத்துக்கு உன்னிடமிருந்து பதில் இல்லை. மகள் மட்டும் போன் செய்து, "அம்மாவுக்கு ஏன்ப்பா இப்படியெல்லாம் எழுதுறீங்க?" என்று கேட்டுவிட்டு அழுதாள். ஏன் அழுகிறாய் என்றால் ஜலதோஷம் என்றாள். இந்தக் குடும்பத்தில் ஒருத்திக்கும் ஒழுங்காகப் பொய் சொல்ல வரவில்லை.

நேற்று நகராட்சியில் கூட்டம் நடந்தது. தெருவே திரண்டு வந்திருந்தது. பேச முதலில் எழுந்தவன் நான். எந்த வீடு என்று அதிகாரி கேட்டார். மனையை ஒட்டிய வீட்டுச் சொந்தக்காரன் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன். அவர் காகிதத்தைப் புரட்டிவிட்டு, "அந்த வீடு உங்க பேர்ல இல்லையே சார்" என்றார். பத்திரச் செலவில் சலுகை கிடைக்குமென்று சாமர்த்தியமாக உன் பேரில் பதிந்தவன் நான்தான். வரி கட்டுவது, வெள்ளையடிப்பது எல்லாம் நானே என்பதால் அது சுத்தமாக மறந்துபோய்விட்டது. ஊரையெல்லாம் டிக்கெட் கேட்டவன், அத்தனை பேர் முன்னால் டிக்கெட் இல்லாமல் நின்றேன்.

அதோடு விட்டாரா? "ஒட்டின வீடு அது ஒண்ணுதான். அந்தம்மாவே நேர்ல வந்து சம்மதம்னு சொல்லிட்டாங்களே, உங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டார். மருந்துக்கடைக்காரர் துள்ளி எழுந்தார். "எங்களையெல்லாம் தூண்டி விட்டுட்டு, நீங்க வீட்டுக்குள்ளயே பேரத்த முடிச்சிட்டீங்களா?" என்று கத்தினார். உன்மேல் வந்த ஆத்திரத்தில் எனக்குக் காது அடைத்துக்கொண்டது. டாக்டரம்மாவிடம் நீ என்ன வாங்கியிருப்பாய் என்றுகூட நினைத்தேன். இத்தனை காலம் ஒரே கூரையின் கீழ் இருந்துவிட்டு, உன்னைப் பற்றியும் அப்படி நினைக்க முடிந்தது என்னால்.

எல்லோரும் கலைந்த பிறகு அதிகாரியிடம் போய், என் மனைவி அப்படி என்னதான் சொன்னாள் என்று மிரட்டாத குறையாகக் கேட்டேன். அவர் என்னை உட்காரச் சொன்னார். "அவங்களால மாடிப்படி ஏற முடியல சார். கீழயே உட்கார்ந்துட்டாங்க, நான்தான் இறங்கிப் போனேன். சீக்கிரம் கட்டச் சொல்லுங்க, தூரமாப் போய்ட்டு வர எனக்குத் தெம்பில்லன்னு சொன்னாங்க. கூட ஒரு தையல்காரம்மா வந்து கையப் பிடிச்சிருந்தாங்க" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் நேரே எதிர்வீட்டுக்குப் போனேன். இந்த முறை அவள் மெஷினை மிதிக்கவில்லை. "அக்கா என்கிட்ட சத்தியம் வாங்கிட்டாங்க அண்ணா. உங்களுக்குத் தெரிஞ்சா தூங்க மாட்டீங்க, டாக்டருங்களையெல்லாம் குறுக்குக் கேள்வி கேட்டே கொன்னுடுவீங்கன்னு சொன்னாங்க" என்றாள். மேற்கொண்டு நான் எதையும் கேட்கவில்லை. உப்பில்லாத சாப்பாடு, செருப்புக் கடி, பகல் தூக்கம் என்று எல்லாம் வரிசையாக வந்து முன்னால் நின்றன. முகத்தைப் பார்த்தே ஆளை எடைபோடுவேன் என்று பெருமை பேசியவன், எதிரில் உட்கார்ந்து சோறு போட்ட முகத்தைப் பார்க்கவில்லை. வாசற்படியில் உட்காரும் வெளிறிய முகங்கள் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தேனே, அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிடு.

எனக்குப் பயமாக இருக்கிறது. இதை வேறு யாரிடம் சொல்வேன்?

தெருவில் இப்போது யாரும் என்னோடு பேசுவதில்லை. டாக்டரம்மாவிடம் விலைபோனவன் என்று எனக்குப் பெயர். அடுத்த கூட்டத்துக்குள் நீ சம்மதத்தைத் திரும்பப் பெறலாமாம், அதற்கு உன்னைச் சம்மதிக்க வைக்கும்படி காலையில் நாலு பேர் வந்து மிரட்டினார்கள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர்கள் வாய் அடைத்திருக்கும். சொல்லவில்லை. நீ மறைத்து வைத்ததை நான் எப்படித் தெருவில் போடுவது? என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளட்டும். நீ சொன்ன வார்த்தையை மட்டும் மாற்றிவிடாதே.

வீட்டுச் செய்தி ஒன்றுதான். நம் கட்டிலை மாடியிலிருந்து கீழ் அறைக்கு இறக்கிவிட்டேன். கொத்தனாரைத் திரும்ப வரச் சொல்லியிருக்கிறேன். அந்தப் பக்கச் சுவரில் கண்ணாடிச் சில்லையெல்லாம் பெயர்த்துவிட்டு, ஒரு கதவு வைக்க வேண்டும். தெருமுனையைச் சுற்றிக்கொண்டு போக வேண்டாம், நம் கொல்லையிலிருந்து பத்தடி நடந்தால் போதும். "போன வாரம்தானே சார் ஏத்தினோம்?" என்று அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பார்க்கட்டும். அகலமாக வை, இரண்டு பேர் சேர்ந்தாற்போல் நடக்கிற மாதிரி இருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

நீ நன்றாக இருக்க வேண்டும். மற்றதெல்லாம் எனக்கு எப்படிப் போனாலும் சரி. கடிதம் உன் கைக்கு வந்து சேரும் நாளைக் கணக்குப் பண்ணி, அன்று சாயங்காலம் போன் அடிப்பேன். மகளிடம் கொடுக்காதே, தூங்காதே. நீயே எடுத்து, நீயே சொல்லம்மா. அபராதம் எதுவும் போட மாட்டேன்.

எதையும் குறுக்குக் கேள்வி கேட்காமல் காத்திருக்கும்,
உன்னவன்