பாட்டிலில் மூன்று கோடுகள்

ஐப்பசி 9, திங்கள்

விடிந்தும் மூடுபனி. வாசல் மிளகுக்கொடி கூடத் தெரியவில்லை. இடது விலாவில் அக்கி, தீக்கங்கு வைத்த மாதிரி. மாத்திரை ஐந்து வேளை, ஏழு நாள். ஒரு நாளைக்கு மூன்று லிட்டர் தண்ணீராவது குடிக்க வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பு. குறைந்தால் மருந்து சிறுநீரகத்தில் படியுமாம். சுண்ணாம்புத் தண்ணீர் அசையாமல் இருந்தால் அடியில் படிகிறதே, அப்படி. வகுப்பாக இருந்தால் செய்தே காட்டியிருப்பேன்.

பக்கத்து வீட்டு வெள்ளையம்மா எட்டிப் பார்த்தார். "காளப்பநாயக்கன்பட்டி போயி அக்கி மேல காவியில சிங்கம் எழுதிக்கிட்டு வாங்க சார். மாத்திரைக்கெல்லாம் அக்கி பயப்படுமுங்களா?"

சிரித்தேன். விலா வலித்தது.

ஐப்பசி 10, செவ்வாய்

தூறல். லிட்டர் பாட்டில் ஒன்றுதான் வீட்டில். ருக்மணியுடையது. அவள் போய் இரண்டு வருடம். சிறுநீரகம் கெட்டு, டயாலிசிஸ், அளந்த தண்ணீர். காலை, மதியம், இரவு என்று மூன்று கோடு, நான் போட்டது. மேல் கோடு, நாள் முழுக்க டாக்டர் விட்ட அரை லிட்டருக்கு.

அதற்கு மேல் ஊற்றக் கை வரவில்லை. அடுப்படியிலிருந்து அன்று அவள் கெஞ்சிய குரல். "இன்னும் ஒரே மடக்குங்க."

ஐப்பசி 12, வியாழன்

கோடு வரைதான். மூன்று நாளும்.

நர்ஸ் ஸ்டெல்லா ரத்த ரிசல்ட்டோடு வந்தது. சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய உப்பு ஏறியிருக்கிறது. சிறுநீர் எப்படி என்று கேட்டது. கடுந்தேநீர் நிறம் என்றேன். பாட்டிலைத் திருப்பிப் பார்த்தது.

"இது யாருக்குப் போட்ட கோடு, சார்?"

சொன்னேன். ஸ்டெல்லா பாட்டிலைக் கீழே வைத்தது. பிறகு டாக்டருக்குப் போன் செய்து மாத்திரை அளவைக் குறைத்தது.

"அம்மாவுக்கு அது மருந்து சார். உங்களுக்கு இது கெடுதல். அழிச்சிருங்க. சனிக்கிழமையும் ஏறியிருந்தா நாமக்கல்ல அட்மிஷன்தான்."

ஐப்பசி 14, சனி

நேற்று மூன்று பாட்டில், கழுத்து வரை. இன்றும். சிறுநீர் தெளிவு. உப்பு இறங்கிவிட்டதாம், மலையேறும் கடைசி பஸ்ஸைப் பிடித்துவிட்டது போல ஸ்டெல்லாவுக்குச் சந்தோஷம்.

தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தேன். கீழ்க் கோடுகள் இரண்டும் போயின. மேல் கோட்டில் துணி நின்றுவிட்டது.

அது அரை லிட்டர் இல்லை. அன்று ஒரு விரல்கடை கீழேதான் போட்டேன். எதற்கும் இருக்கட்டும் என்று. விடைத்தாளில் அரை மதிப்பெண் பிடிப்பேனே, அந்தப் புத்தி.

ஒரு நாள் ருக்மணி பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துக் கேட்டாள்.

"கோடு சரியாத்தானுங்க இருக்குது?"

சரி என்றேன்.