மணமகளின் அப்பா

என் முன்னாள் மனைவிக்கு (உன் இந்நாள் கணவர் கோபிக்க வேண்டாம்),

நம் ஹெஸ்டர் நேற்று தொலைபேசியில் பேசினாள். சனிக்கிழமை அவள் கல்யாணத்தில், தேவாலயத்துக்குள் அவளைக் கைபிடித்து மாப்பிள்ளையிடம் அழைத்துப் போகவேண்டியது நான்தானாம்.

"ஆனா நடிக்கக் கூடாதுப்பா. நீ போட்ட பட்லர் வேஷம், கர்னல் வேஷம் எதுவும் வேணாம். நீயா வா. இல்லேன்னா அம்மாவோட வீட்டுக்காரரையே கூட்டிட்டுப் போகச் சொல்லிடுவேன்."

"அப்படியே ஆகட்டும், மகளே" என்றேன். அதுவும் தொலைக்காட்சித் தொடரில் நான் நடித்த பாதிரியாரின் குரல்! அவள் போனை வைத்துவிட்டாள்.

காலையிலிருந்து கண்ணாடி முன் நிற்கிறேன். சிரித்தால் பட்லர் வருகிறான். முறைத்தால் இன்ஸ்பெக்டர். கண் கலங்கினால், பிளாக்பூல் நாடக மேடையில் கிறிஸ்துமஸ்தோறும் பாவாடை கட்டி ஆடினேனே, அந்தக் கோமாளிக் கிழவி!

மீன் வறுவல் கடையில் ஒருத்தி வேறு பிடித்துக்கொண்டாள்.

"பாதிரியாரைக் கொன்னவர்தானே நீங்க?"

"இல்லம்மா, செத்த பாதிரியார்."

"அட, நல்லாத்தான் இருக்கீங்க!"

முப்பது வருடப் புகழ் இவ்வளவுதான்.

விளையாட்டில்லை. நம் கல்யாணத்தின்போது எனக்கு ஒரு வேடமும் கிடைத்திருக்கவில்லை. அன்று உன் பக்கத்தில் நின்றவன் எப்படி நடந்தான், எப்படிச் சிரித்தான் என்று உடனே எழுது. சனிக்கிழமைக்குள் அவனை மனப்பாடம் செய்துவிடுகிறேன்.

குழப்பத்துடன்,
உன் பழைய ஆள்