அம்மா நிற்கும் இடத்துத் தூசி

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம், உன் நலமும் மாப்பிள்ளை நலமும் அறிய ஆவல். நலம் என்பதை இந்த முறை பழக்கத்துக்காக எழுதவில்லை, டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

போனில் அம்மா இருமும்போதெல்லாம் தொண்டை கட்டியிருக்கிறது என்று மழுப்பினேனே, அது தொண்டை இல்லை கண்ணு. நான் மேஸ்திரியாக இருக்கும் தானியக் கிடங்கில் மூட்டை பிரித்துத் தொட்டியில் கொட்டும் இடத்தில் பதினோரு வருடமாக நிற்கிறாள், அந்தத் தூசிதான். டாக்டர் எழுதிக் கொடுத்ததால் சுகாதார நர்ஸ் ஒருவர் காற்றில் எவ்வளவு தூசி என்று எண் காட்டும் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தார், சோப்புப் பெட்டி அளவுதான், விலையும் ஒரு ஜோடி செருப்பு விலைதானாம். எண் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் எங்கே அதிகம் எங்கே குறைவு என்று காட்டிக்கொடுத்துவிடும், மேஸ்திரி நீங்களே இடம் பார்த்து மாட்டுங்கள் என்றார். நான் அதைக் காற்று வரும் வாசல் கதவோரம் மாட்டினேன். அங்கே எண் குறைவாகக் காட்டும் என்று தெரிந்துதான் மாட்டினேன். எண் முப்பதைத் தாண்டவில்லை, முதலாளி என் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

மூன்றாம் நாள் அம்மா பெட்டியைக் கழற்றிக் கயிறு கட்டித் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டு வேலையைப் பார்த்தாள். முதல் மூட்டைக்கே நானூறு, துடைப்பம் எடுத்ததும் எழுநூறு. கதவா மூச்சு விடுது, நான்தானே விடறேன் என்று மட்டும் கேட்டாள். முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று எனக்குத் தெரியவில்லை. தொட்டியிலிருந்து தானியத்தை இழுக்கும் இயந்திரத்தை நிறுத்தினேன். முதலாளி ஓடி வந்தார், கதவோரம் மாட்டியது என் தப்பு என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். தூசி தானியத்தோட பொறந்தது மேஸ்திரி என்றார். அப்படியென்றால் ஒரே ஒரு மூட்டை நீங்கள் பிரியுங்கள் என்றேன். பாதி மூட்டையிலேயே கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

இப்போது முதலாளி செலவிலேயே தொட்டியைச் சுற்றித் தகரம் அடைத்து, தூசியை வெளியே இழுக்க விசிறி வைத்திருக்கிறோம், துடைப்பத்துக்குப் பதில் உறிஞ்சும் இயந்திரம். நேற்று அம்மா நிற்கும் இடத்தில் எண்பதுதான். கெட்டுப்போனது திரும்பாது, இனிமேல் கெடாமல் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார் டாக்டர். அம்மா ஒரு வாரம் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை, நேற்றுதான் சட்டைப் பொத்தான் அறுந்திருப்பதைச் சொல்லித் திட்டினாள், எனக்கு அதுவே போதும்.

இதையெல்லாம் அவள் உன்னிடம் சொல்லமாட்டாள், என்னைக் காட்டிக்கொடுக்க மனம் வராது. அதனால்தான் நானே எழுதிவிட்டேன். உனக்குக் கோபம் வந்தால் நியாயம்தான். அம்மாவிடம் பேசி முடித்ததும் ஒரு நிமிடம் என்னையும் கூப்பிட்டுத் திட்டிவிடு. நேரத்துக்குச் சாப்பிடு. இருவரும் நோய்நொடி இல்லாமல் நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா