மாரி அட்டையில் பி பாசிட்டிவ்

இந்த நோட்டை எடுத்தவர் யாரானாலும் கெஞ்சிக் கேட்கிறேன், ஒருவருக்கும் காட்டாதீர்கள். அண்ணனுக்கு வேண்டவே வேண்டாம்.

செவ்வாய்

தூறல். மலை தெரியவில்லை. பிளஸ் ஒன் அடையாள அட்டை கொடுத்தார்கள். நாற்பத்திரண்டு பேர். என் ப்ரோகிராமில் அடித்தவை. கம்ப்யூட்டர் சார் வகுப்பில் போட்டுக் காட்டினார். ஒவ்வொருவர் பதிவுக்கும் வடிவம் தர டேட்டா கிளாஸ் ஒன்று: பெயர், வருகை எண், ரத்தப் பிரிவு. கூடவே அதற்குக் காவலாகக் கம்பேனியன் ஆப்ஜெக்ட். எந்தப் பதிவும் அது வழியாகத்தான் உருவாகும். ரத்தப் பிரிவு காலியென்றால் மறுத்துவிடும்.

"வாசல்ல வாட்ச்மேன் போட்டிருக்கா, பாருங்க பிள்ளைகளா."

என் கூட்டாளி மாரி என் காதில், "ஏட்டி, வாட்ச்மேன் தூங்குவானா?"

சிரித்து வைத்தேன்.

புதன்

யாரிடமும் சொல்லாதது. போன வாரம் மூன்று பேர் ரத்தப் பிரிவுச் சீட்டு தரவில்லை. வாட்ச்மேன் விடவில்லை. மறுநாள் அச்சு. உருவான பதிவை மாற்றக்கூடாது, காப்பி எடுத்து வேண்டியதை மட்டும் மாற்று என்பது பாடம். பக்கத்து எண்ணின் பதிவைக் காப்பி எடுத்துப் பெயரையும் எண்ணையும் மாற்றினேன். காப்பி வாட்ச்மேனிடம் கேட்பதே இல்லை. ரத்தப் பிரிவு பக்கத்துப் பிள்ளையுடையது. காலையில் திருத்த நினைத்து, மறந்தேன். மூவரில் ஒருத்தி மாரி.

இன்று சாரிடம் சொல்லத்தான் ஸ்டாஃப் ரூம் போனேன்.

"என்னம்மா?"

"சாக்பீஸ், சார்."

வாங்கி வந்தேன்.

வியாழன்

மாரி வரவில்லை. தேவதானம் ரோடு பிரியும் விலக்கில் பைக்கிலிருந்து விழுந்தாளாம். தொடை எலும்பு முறிவு. ஸ்ரீவில்லிபுத்தூரில் சேர்த்திருக்கிறார்கள்.

நாளைக்கு: கெமிஸ்ட்ரி ரெக்கார்டு. கிராஃப் ஷீட். ரிப்பன்.

வெள்ளி

வெயில். நாளை ஆபரேஷன். மாரியின் மாமா அவள் அட்டையைப் படம் எடுத்து வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் போட வைத்திருந்தார்: பி பாசிட்டிவ் ரத்தம் உடனே தேவை.

அம்மா அண்ணனிடம், "ஏலே, நீ பி பாசிட்டிவ்தான? கெளம்பு."

"சட்டைய மாத்திக்கிட்டு வாரேன். ஏட்டி, ஒன் கூட்டாளிக்குத்தான? மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?"

இட்லி நான்கு தின்றேன். ருசி தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் சோதித்துத்தான் ஏற்றுவார்கள். திரும்பத் திரும்ப அதையே சொல்லிக்கொண்டேன்.

ஒன்பதரைக்கு அண்ணன் போன். அம்மா ஸ்பீக்கரில் போட்டாள்.

"அவ ஓ நெகட்டிவாம்மா. நாலு பேரு வந்து நாலும் வீண். இந்நேரத்துக்கு அத எங்க போய்த் தேட? எந்தக் கூறுகெட்டது அட்ட அடிச்சதுன்னு அவ மாமா கத்துதாரு."

அம்மா செல்லை எடுத்து வந்துவிட்டேன். அட்டைப் பட்டியலில் ரத்தப் பிரிவுக்கு ஃபில்டர் போட்டேன். ஓ நெகட்டிவ் ஒரே ஒருத்தி, எண் ஒன்பது. அவள் அப்பாவுக்கும் அதேதான், ரத்தம் கொடுப்பார் என்று சொல்லியிருக்கிறாள்.

குரூப்பில் எழுதினேன்: மாரி ஓ நெகட்டிவ். ஒன்பதாம் எண் அப்பாவிடம் உடனே கேளுங்கள். பதினேழு, முப்பது, இந்த அட்டைகளையும் நம்பாதீர்கள். தப்பு என்னுடையது. கயல்.

அனுப்பிவிட்டேன். ஆறு பேர் பார்த்தாயிற்று. சாரும்.

எண் ஒன்பது ஏதோ டைப் செய்கிறாள். நின்றது. மறுபடி.

"அப்பா கிளம்பிட்டாங்க."

வெளியே பைக். அண்ணன் செருப்புச் சத்தம். யாரோ என் அறைக் கதவைத் தட்டு—