தாம்பூலப் பையில் போன சிடி

புனே
11.8.2005

அன்புள்ள அப்பாவுக்குக் கவிநிலா எழுதுவது. முழங்கால் வீக்கம் வடிந்ததா? அம்மா பிரஷர் மாத்திரையை விடாமல் சாப்பிடுகிறார்களா? நான் நன்றாக இருக்கிறேன்.

ஒரு சின்ன விஷயம், பதற வேண்டாம். ஒரு கம்பெனியின் தமிழ்த் தட்டச்சு மென்பொருளை லினக்ஸிலும் ஓடும்படி சம்பளமில்லாமல் மாற்றினேன் அல்லவா? அதை உங்கள் கண்ணில் காட்டத்தான் ஒரு சிடி அனுப்பினேன். நீங்களோ முத்தியால்பேட்டைக் கடையில் அறுபது பிரதி போட்டு, அக்கா மகன் அபியின் காதுகுத்தில் தாம்பூலப் பையில் தேங்காயோடு கொடுத்துவிட்டீர்கள். வந்தவர்களில் யாரோ அதை இணையத்தில் ஏற்றிவிட்டார். கம்பெனி அதை அங்கிருந்து நீக்கவைத்துவிட்டு, எனக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பிவிட்டது.

"நம்ம பொண்ணு செஞ்சத நாம குடுக்கக் கூடாதா?" என்று போனில் கேட்டீர்கள். கூடாது அப்பா. உழைப்புதான் என்னுடையது, மென்பொருள் அவர்களுடையது. இலவசமாகக்கூட யாருக்கும் தரமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுத்தான் அனுமதி வாங்கினேன். உங்களுக்கு அனுப்பியதே என் தப்பு. இம்மாதக் கடைசிக்குள் அறுபதையும் திரும்ப வாங்கி அழிக்காவிட்டால் நான் வேலை பார்க்கும் ஆபீசுக்கு எழுதுவார்களாம். அப்புறம் வேலை நிலைக்காது.

தாம்பூலத்தில் கொடுத்ததைத் திருப்பிக் கேட்க உங்களுக்குக் கூசும். பழியை என்மேல் போட்டுவிட்டு, சாரத்தில் இருக்கும் மாமா வீட்டிலிருந்து கேட்க ஆரம்பியுங்கள்.

அம்மாவிடம் கொஞ்சம் குழம்புத் தூள் அனுப்பச் சொல்லுங்கள். இங்கே எதைச் சமைத்தாலும் நம் வீட்டு வாசனை வரவில்லை.

தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது. சிடிகளை உடைத்துவிடுங்கள். 'எங்கள் மகள் கவிநிலா செய்தது' என்று அச்சடித்து சிடி மேலே வைத்தீர்களே, அந்த அட்டைகளில் ஒன்றை மட்டும் தூளோடு வைத்து அனுப்புங்கள். அந்த மென்பொருளில் எங்கேயும் என் பெயர் இல்லை.

கவிநிலா