கருங்கல்லுக்கு முன் அமர்ந்து

ஆவணி 2, திங்கள்

மழை. அலுவலகம் இருக்கும் பட்டம் வரை பஸ்ஸில் நின்றபடி. குடைக்கம்பி போயிற்று. வாங்க வேண்டியது: துவரம்பருப்பு, சோப்பு, கம்பி.

இன்று தூத்துக்குடிக்கு வருந்தினேன். தேனிக்கு வருந்தினேன். ஓசூருக்கு ஆழ்ந்து வருந்தினேன். தண்ணீர் வடிகட்டி விற்கும் கம்பெனியில் தமிழ்ப் புகார்ப் பிரிவு என்றால் இவ்வளவுதான். ஓசூர்க்காரர் வீட்டில் தண்ணீர் உள்ளே போனதைவிட அழுக்காக வெளியே வருகிறதாம். ‘ஆழ்ந்து’ அதற்காக.

மேலாளர் பிஜு சார் ‘மகிழ்ச்சி வாரம்’ அறிவித்தார். மகிழாதவர்கள் தனியே வந்து அவரிடம் பேசலாம். யாரும் போகவில்லை. எல்லோரும் மகிழ்ந்துவிட்டோம்.

காலை வகுப்பு மட்டும் நன்று. செண்டை கற்கச் சேர்ந்து ஏழெட்டு மாதம், செண்டையைத் தொட்டதில்லை. இந்த மலையாள ஊரில் வழக்கம் அப்படி. அரங்கேற்றம் வரை கருங்கல்லில் புளியங்கொம்பால் தட்ட வேண்டும். கோயிலுக்குப் பின்னால் சாப்பாட்டுக் கூடத்தில் ஆளுக்கொரு கல். ஆசான் அனூப், பகலில் ஏசி மெக்கானிக். என் மகள் வயது. அவர் காலைத் தொட்டுத்தான் தொடங்க வேண்டும். பிஜு சாருக்குத் தலையசைப்பதைவிடச் சுலபம்.

வீட்டில் கோமதி: “ஏன்னா, கல்லைத் தட்டறதுக்கு ஒரு வாத்தியார் வேற.”

கல் கருத்து கேட்பதில்லை. நன்றாகத் தட்டினால் ஒரு சத்தம், மோசமாகத் தட்டினால் வேறு சத்தம். இந்த நேர்மை அலுவலகத்தில் ஒருவரிடமும் இல்லை, நான் உட்பட.

ஆவணி 4, புதன்

வெயில். புழுக்கம்.

கூட்டத்தில் மாட்டிக்கொண்டேன். பிஜு சார் ‘வாடிக்கையாளர் நம் குடும்பம்’ பற்றி. என் கை, என்னைக் கேட்காமல், மேசைக்கடியில் தொடையில் தாளம். பக்கத்து நாற்காலி ஷீஜா மலையாளப் புகார்ப் பிரிவு. அவள் அண்ணன் கோயில் மேளத்துக்குப் போகிறவன். காதைச் சாய்த்தாள்.

“சுவாமி, அது கணபதிக்கை அல்லே? செண்டை படிக்கிறீங்களா?”

அலுவலகத்துக்கு நான் சுவாமி; கணபதிக்கை செண்டையின் முதல் பாடம். தாழ்ந்த குரலில்தான் கேட்டாள். ஆனால் மகிழ்ச்சி வாரம். அறை முழுக்கத் திரும்பியது. பிஜு சார் முகத்தில் வெளிச்சம்.

“சுவாமியா! நம்ம ஓணம் ப்ரோக்ராம்ல பத்து மினிட் செண்டை. கொச்சி ஹெட் ஆபீஸ்லேர்ந்து பெரிய ஆளு வரும், கேட்டோ.”

தெரியாது என்றேன். கல்லில்தான் தட்டுகிறேன் என்றேன்.

“எளிமை. ரொம்ப எளிமை,” என்று கைதட்டினார். எல்லோரும் தட்டினார்கள். தாளம் கேவலம்.

ஆவணி 5, வியாழன்

தூறல். ஆசானிடம் சொன்னேன்.

“சேட்டா, அரங்கேற்றத்துக்கு முன்னாடி மேடையில செண்டை தொட்டா பின்னே இவிட வர வேண்டா.” கோபமில்லை. ஏசி பழுதுபார்க்க ஸ்பேர் கிடைக்காது என்பது போல.

பிஜு சாரிடம் போய் முடியாது என்றேன்.

“டீம் ஸ்பிரிட் இல்லாத்த ஆளுன்னு அப்ரைசல்ல எழுதட்டா? கோயம்புத்தூர்ல ஒரு சீட் காலி உண்டு. அவிட எல்லாரும் தமிழு. சுவாமிக்கு சுகம்.”

கோயம்புத்தூர் போனால் இந்தக் கல் இல்லை. இங்கே செண்டை தொட்டாலும் இந்தக் கல் இல்லை. என்னுடையது என்று இருப்பது அந்தக் காலை ஒரு மணி நேரம்தான். அதைக் கண்டுபிடித்துப் பறிக்க ஒரு வாரம் ஒதுக்கி அதற்கு மகிழ்ச்சி என்று பெயரும் வைத்திருக்கிறார்கள்.

இரவு மோர் மட்டும்.

ஆவணி 9, திங்கள்

ஞாயிறு முழுக்க ஒரே யோசனை. காலையில் ஆசானிடம்: “செண்டைதானே கூடாது. கல்லை எடுத்துப் போகலாமா?”

கல்லைப் புரட்டிப் பார்த்தார். “கல்லுல பண்றது சாதகம். சாதகம் எவிடயும் பண்ணலாம். ஆனா சேட்டா, தொடங்கினா நடுவுல நிறுத்தப்படாது. கணபதிக்கு உள்ளது.”

நிறுத்த மாட்டேன் என்றேன். மனமார.

ஆவணி 13, வெள்ளி

நல்ல வெயில். ஆட்டோக்காரர்: “சாக்குல என்ன?” கல். “ஓணத்துக்கா?” ஆமாம். தலையாட்டி வண்டியை எடுத்தார்.

வரவேற்பறையில் பூக்களம். நடுவில் கம்பெனி முத்திரை, வாடாமல்லியில். கயிறு இழுக்கும் வடம்வலிக்கு இரண்டு அணிகள் பனியனுடன் தயார். பக்கத்து அறையில் ஓண விருந்தான சத்யை, இலை போட்டாயிற்று. ஒலிபெருக்கியில் என் பெயர். விளக்குக்கு முன் அமர்ந்து சாக்கைப் பிரித்தேன்.

பிஜு சார் என் காதில்: “செண்டை எவிட?”

“இதுதான்.”

டக். டக். டக். ஒன்றாம் காலம், மிக மெதுவாக. எனக்குத் தெரிந்த ஒரே காலம் அது. எத்தனை முறை வாசிப்பது என்று ஆசான் விதி எதுவும் சொல்லவில்லை.

பத்து மினிட் தாண்டிற்று. பிஜு சார் கடிகாரத்தைக் காட்டினார். ஷீஜா அவரிடம், எனக்குக் கேட்கும்படி: “சார், கணபதிக்கை. பாதியில நிறுத்தினா கம்பெனிக்குத்தான் கேடு.” உட்கார்ந்துவிட்டார். கொச்சி ஆள் கண்ணை மூடிக் கையை உயர்த்தித் தாளம் போடத் தொடங்கினார். அவர் போட்டால் முன்வரிசை போட வேண்டும். பிஜு சார் கை ஏறி, இறங்கி, ஏறி. சாம்பார் ஆறும் வாசனை. பனியன்காரர்கள் தரையில் சரிந்து உட்கார்ந்தார்கள்.

இதற்குத்தான் வந்தேன். ஆனால் எங்கோ நடுவில் மணிக்கட்டு தானாக உருண்டது. இத்தனை மாதம் வராத சத்தம், கல்லுக்குள்ளிருந்து. எதிரில் யார் இருக்கிறார்கள் என்பது மறந்துபோயிற்று. வெறுப்பும் காணோம். அதற்காக எவ்வளவு தயார் செய்து வந்திருந்தேன்.

ஆறிய சத்யை. பாயசம் பரவாயில்லை.

ஆவணி 16, திங்கள்

மழை. புதுக் குடை.

கூடத்தில் என் கல்லுக்குப் பக்கத்தில் இன்னொரு கல். அதன் முன் வேட்டி, சந்தனப்பொட்டு, புதுப் புளியங்கொம்பு. பிஜு சார். கொச்சி ஆள் இவரிடம் கேட்டாராம், “உனக்கு இதுல என்ன அறியும்?” என்று.

ஆக, அந்த ஒரு மணி நேரமும் போயிற்று. சாக்கில் கட்டி எங்கே கொண்டுபோவேன்.

ஆசான் வந்தார். அவர் காலைத் தொட்டோம், நான் முதலில், பிஜு சார் பின்னால். ஆசான் அவரிடம்: “ஈ சேட்டன் சீனியர். இவர் சரின்னு சொன்னா அடுத்த பாடம். அதுவரை இதுதான்.”

பிஜு சார் தட்டினார். தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தார்.

“சுவாமி, சரியாயோ?”

கல் பொய் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

“இல்லை. முதலிலிருந்து.”

வருத்தம் தெரிவிக்கவில்லை.